ஆறாம் நம்பர் படகின் பலகை

எனக்கு அந்த வருஷம் வேண்டியிருந்தது ஒரே ஒரு நாற்காலி. மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, ஆகஸ்ட் மாதம் கொடியை மாற்றப்போகிறார்கள் என்று எங்கள் காஜா பேராங் பகுதிக் காப்பிக் கடையில் காலையும் மாலையும் அதே பேச்சு. வரட்டும், நான் என்ன வேண்டாம் என்றா சொன்னேன்? ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு யாராவது கேட்டிருந்தால், உட்கார ஒரு நாற்காலி போதும் சாமி என்றுதான் சொல்லியிருப்பேன். ஏதோ ஒரு நாற்காலி அல்ல. எங்கள் கிளப்பில் படகுக் கொட்டகை வாசலில் ஜாகா, அதாவது காவல்காரன், உட்காரப் போட்டிருந்த நாற்காலி.

உஜோங் பாசிர் பக்கம் கடலோரத்தில் துரைமார்களுடைய பாய்மரப் படகு கிளப் ஒன்று இருந்தது. அங்கே நான் இருபத்திரண்டு வருஷம் படகுக்காரன். ஜப்பான்காரன் காலத்து மூன்றரை வருஷத்தை வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள். அப்போது துரைமார் சிறையில் இருந்தார்கள், படகுகள் எல்லாம் யார் வீட்டு அடுப்புக்கோ போய்விட்டன.

படகுக்காரன் என்றதும் படகு ஓட்டுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டுவது துரை. படகைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுவதும், அவர் ஆசை தீர ஓட்டிவிட்டு வந்ததும் தூக்கிவந்து கழுவிக் கவிழ்த்து வைப்பதும் நான். மலாக்காக் கடல் பார்க்கத்தான் கடல். தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. ஏறியிருக்கும்போதும் இடுப்பளவு ஆழத்துக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். உப்புச் சேற்றில் நடந்து நடந்து இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டது. இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. வந்த புண் மூன்று வருஷமாகப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்து, காலைத் தண்ணீரில் நனைக்காதே, நிற்காதே, உட்கார்ந்து வேலை பார் என்றார்கள். நான் சிரித்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் ஜாகாவாக இருந்த சீக்கியர் வேலையை விட்டுவிட்டுப் பஞ்சாபுக்குப் போனார். அவருடைய பிரம்பு நாற்காலி காலியானது. நான் வாழ்க்கையில் யாரிடமும் போய் நின்று எதையும் கேட்டதில்லை. அன்றைக்குப் போய்க் கேட்டேன். செக்ரட்டரி துரை என் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சந்தை மலாயில், "மே மாசம் பந்தயம் இருக்கு. அது முடியட்டும். ஒரு பலகைகூடத் தொலையக் கூடாது. தொலையாவிட்டால் நாற்காலி உனக்கு" என்றார்.

பலகை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் புரியாது. இந்தச் சின்னப் படகுகளுக்கு நடுவில் ஒரு நீளத் துவாரம் இருக்கும், அதைச் சுற்றிப் பெட்டி மாதிரி ஒரு கூடு. அதற்குள் மேலிருந்து ஒரு பலகையைச் செருக வேண்டும். அது படகுக்கு அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அது இல்லாமல் பாய் விரித்தால் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகும். படகு கவிழ்ந்தால், அந்தப் பலகைமேல் ஏறி நின்று உடம்புக் கனத்தைக் கொடுத்தால்தான் நிமிரும். பலகை கழன்றுபோனால் நிமிர்த்த வழியில்லை. படகின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடவுளை நினைக்க வேண்டியதுதான். அதனால் பலகையின் தலையில் ஒரு ஓட்டை போட்டு, அதில் ஒரு முழக் கயிற்றைக் கோத்து, மறுமுனையைப் படகின் குறுக்குச் சட்டத்திலுள்ள வளையத்தில் கட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகூடக் கட்டிவிடும். ஆனால் எங்கள் கிளப்பில் ஒருத்தரும் கட்டமாட்டார்கள்.

காரணம் அந்தச் சேறுதான். கரையோரத்தில் பலகையை முழுதாக இறக்கினால் அடியில் குத்திக்கொள்ளும். ஆகவே இடுப்பளவுத் தண்ணீரில் பாதிப் பலகையை மட்டும் இறக்கி, கயிற்றில் ஒரு சுருக்குப் போட்டுவிட்டு நாங்கள் திரும்பிவிடுவோம். ஆழம் வந்ததும் துரை சுருக்கை இழுத்து அவிழ்த்து, பலகையை முழுதாக அழுத்தி, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அவிழ்ப்பார்கள், அழுத்துவார்கள். அதோடு சரி. ஒரு கையில் பாய்க்கயிறு, ஒரு கையில் சுக்கான், முடிச்சுப் போடக் கை ஏது? மார்ச் மாதம் ஒரு தோட்டத்துரை அப்படித்தான் கவிழ்ந்து, பலகை மிதந்து போய், ஒரு மணி நேரம் உப்புத் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு செக்ரட்டரி துரை உத்தரவு போட்டார்: இனிமேல் படகுக்காரனே மார்பளவு ஆழம் வரைக்கும் போய், பலகையை முழுதாக இறக்கி, இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் படகை விட வேண்டும்.

உத்தரவு போடுகிறவருக்கு என்ன, அவர் வராந்தாவில் நின்று போடுகிறார். ஆறு படகு, நாங்கள் இரண்டு பேர். நானும் தெய்வநாயகமும். ஆளுக்கு மூன்று படகு, ஒவ்வொன்றுக்கும் மார்பளவு ஆழத்துக்குப் போய் வருவதென்றால் அந்தக் காலை வைத்துக்கொண்டு எவனால் முடியும்? தெய்வநாயகத்துக்கு முப்பது வயதுதான், கால் நன்றாகத்தான் இருந்தது, மனசுதான் வேலையில் இல்லை. "யாருணே வந்து பாக்கப் போறா, சுருக்கு போட்டா போதும்லா" என்பான். நான் அவனைத் திட்டுவேன். திட்டிவிட்டு நானும் சுருக்குத்தான் போட்டேன். சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

பந்தயம் வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்தில் அம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. இங்கே என் மனைவி அன்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மலாக்கா செட்டி வீட்டுப் பெண். பெயர் தமிழ், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். கோயில், காப்பு, பொங்கல் என்று நடுவில் சில சொற்கள் வரும், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் நான் கோபத்தில் தமிழில் திட்டினால் சிரித்துக்கொண்டு நிற்பாள். முப்பது வருஷத்தில் திட்டு மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. அவள் பேசுவதை நான் தமிழில்தான் இங்கே எழுத முடியும்.

என் காலுக்காக அவள் அந்த வருஷம் அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. பருத்தி நூலை மூன்று புரியாக முறுக்கி, சுண்டுவிரல் கனத்துக்குக் கயிறாக்கி, மஞ்சளில் தோய்த்து, ஒரு மஞ்சள் துண்டும் முடிந்து, கோயிலில் வைத்து வாங்கிவந்தாள். காலில் காப்புக் கட்டக் கூடாது, அதனால் இடுப்பில் கட்டிக்கொள், திருவிழா முடியும்வரை கழற்றாதே என்றாள். கிளப்பில் எங்களுக்கு வெள்ளை அரைக்கால்சட்டை. மஞ்சள் கறை பட்டால் துரை என்ன ஏது என்று கேட்பார். சாயங்காலம் வந்து கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

கிளப்புக்குப் போனால் கரையில் எள் போட்டால் விழாத கூட்டம். கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார்கள், நெற்றியில் திருநீறு ஈரம்கூடக் காயவில்லை. ஏனென்றால் அன்றைக்கு ஆறாம் நம்பர் படகை ஓட்டப்போகிறவர் ஒரு தமிழர். சுங்க இலாகாவில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கலியாணசுந்தரம். அந்த வருஷம் ஜனவரியில்தான் கிளப்பில் நம்மவர்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், முதலில் சேர்ந்தவர் இவர். நல்ல மனுஷன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை வாங்குவதில் துரைமார்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். துரைமார் கத்துவார்கள், கத்திவிட்டுப் போய்விடுவார்கள். இவர் கத்தவேமாட்டார். குனிந்து பார்ப்பார். முடிச்சு முடிச்சாகத் தொட்டுப் பார்ப்பார்.

மற்ற படகுகளை இறக்கிவிட்டுக் கடைசியாக ஆறாம் நம்பருக்கு வந்தால், பலகையின் தலையில் கயிறு இல்லை.

"டேய் தெய்வநாயகம், ஆறோட கயிறு எங்கடா?"

அவன் தலையைச் சொறிந்தான். "நேத்து கோயிலுக்கு வாழமரம் ரெண்டு சைக்கிள்ல கட்டிக்கிட்டு போனேன்ணே. அந்த கயிறு... கோயில் தூண்லதான் இருக்கு."

"உருப்படுவியாடா நீ?"

"அம்மன் காரியம்தானேணே" என்றான்.

புதுக் கயிறு கொட்டகையில் இருக்கிறது. கொட்டகைக்குப் போய் வர இருநூறு அடி, மணலில் போக, மணலில் வர. காலையிலிருந்து ஐந்து தடவை நடந்தாயிற்று. புண் சுரீர் சுரீர் என்று இழுக்கிறது. முதல் மணி அடித்தாயிற்று. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. இருக்கிற கயிற்றைக் கட்டுவோம், சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு போவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துப் பலகையின் ஓட்டையில் அந்த மஞ்சள் கயிற்றைக் கோத்துவிட்டேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை.

படகைத் தண்ணீரில் இறக்கும்போது கலியாணசுந்தரம் வழக்கம்போலக் குனிந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பாசாமிண்ணே, இது காப்புக் கயிறா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். கரையில் நின்ற கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். வராந்தாவில் துரைமார் என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றார்கள்.

"எனக்காக கோயில்ல வெச்சு வாங்கிட்டு வந்தீங்களாண்ணே?" என்று கேட்டார். "வீட்டுல அம்மாகூட எனக்கு இத செய்யல. திருவிழா அன்னிக்கு படகோட்ட போறவனுக்கு எதுக்கு சாமின்னு திட்டித்தான் அனுப்புனாங்க."

இல்லைங்க, இது என் காலுக்கு என் பெண்டாட்டி நேர்ந்தது, கொட்டகைக்கு நடக்கச் சோம்பல்பட்டுக் கட்டினேன் என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது? நீங்களாவது சொல்லியிருப்பீர்களா?

"ஆமாங்க சார்" என்றேன்.

இடுப்பளவு ஆழத்தில் வழக்கம்போலப் பாதிப் பலகையை இறக்கிச் சுருக்குப் போடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னண்ணே சுருக்கு போடுறீங்க? சுருக்கு போட்டா நடுக்கடல்ல நான்ல அவுக்கணும். காப்பு கட்டினா திருவிழா முடியிற வரைக்கும் அவுக்கலாமா? ஆழத்துக்கு போயி, ஒரே கட்டா கட்டிருங்க."

வேறு வழியில்லை. தள்ளினேன். தொடை போய், இடுப்பு போய், மார்பு வந்தது. அதுவும் போதவில்லை, பலகை அடியில் தட்டியது, இன்னும் தள்ளினேன். உப்புத் தண்ணீர் புண்ணில் மிளகாய் அரைத்து அப்பியதுபோல் எரிந்தது. கழுத்து வரைக்கும் தண்ணீரில் நின்று, நுனிக்காலில் எட்டி, பலகையை முழுதாக இறக்கி, வளையத்தில் மூன்று முடிச்சுப் போட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பாயை இழுத்தார். நான் திரும்பி நடந்தேன். அம்மாடி, அந்த நடை! எத்தனை தடவை நின்றேன் என்று எனக்கே தெரியாது. துரை சொன்னபடி கட்டப்பட்ட பலகை அந்தக் கடலில் அன்றைக்கு அது ஒன்றுதான்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். மேற்கே சுமத்ரா பக்கம் வானம் கறுத்தது. எங்கள் கடலில் மே மாதத்தில் அப்படித்தான், வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு கறுப்புத் திரை எழும்பும், கால் மணியில் காற்று வந்து அறையும். மணி அடித்துக் கூப்பிட்டார்கள். யாருக்குக் கேட்கும்? மழை விழுந்ததில் படகுகளே தெரியவில்லை. மழை விட்டபோது இரண்டு பாய்தான் தெரிந்தது. நாலு படகு கவிழ்ந்திருந்தது.

கரையில் ஒரே அழுகை. நான் சுருக்குப் போட்ட இரண்டு படகும் என் கண்முன்னே நின்றன. யாராவது செத்துப்போனால் இந்தக் கையால்தான் செத்தார்கள் என்று நினைத்தேன். தெய்வநாயகம் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

மோட்டார் படகு போய் மூன்று துரைமார்களைக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் உயிர் இருந்தது. ஒருத்தர் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். மூன்று படகிலும் பலகை இல்லை. சுருக்கை அவிழ்த்திருக்கிறார்கள், மறுபடி கட்டவில்லை, கவிழ்ந்ததும் நழுவிப் போய்விட்டது.

நாலாவது படகு தானாக வந்தது. ஆறாம் நம்பர். தொப்பி இல்லை, சட்டை கிழிந்திருந்தது, ஆனால் கலியாணசுந்தரம் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். கவிழ்ந்ததும் பலகை கழலவில்லை, அதன்மேல் ஏறி நின்றேன், படகு நிமிர்ந்துவிட்டது என்றார். கரையில் இறங்கியதும் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கூட்டம் என்னை அம்மனே அனுப்பிய ஆள் மாதிரி பார்த்தது. எனக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

செக்ரட்டரி துரை விசாரித்தார். தொலைந்த மூன்று பலகையில் இரண்டு தெய்வநாயகம் இறக்கிய படகு, ஒன்று நான் இறக்கியது. என் நாற்காலி போயிற்று என்று நினைத்தேன். ஆனால் கலியாணசுந்தரம் ஈரத் துணியோடு நின்று எனக்காக இங்கிலீஷில் வாதாடினார். இந்த மனுஷன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கட்டியதை என் கண்ணால் பார்த்தேன், அந்த இன்னொரு படகில் அதை ஓட்டிய துரையே அவிழ்த்துக்கொண்டதற்கு இவர் என்ன செய்வார் என்றார். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. துரை என் தோளைத் தட்டிக்கொடுத்தார். தெய்வநாயகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு வேல போயிரும்ணே. மூணு புள்ளைங்கண்ணே" என்று அவன் சைக்கிள் கொட்டகையில் வந்து அழுதான்.

"அழாதடா. நான் ஜாகா ஆனதும் துரைகிட்ட உனக்காக பேசறேன்" என்றேன். அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

வீட்டில் அன்னம்மா முதலில் கேட்டது கயிற்றைத்தான். நடந்ததைச் சொன்னேன். சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அதை உன் காலுக்குன்னு சொல்லித்தானே கொடுத்தேன்" என்றாள். "நீ கொண்டுபோய்ப் படகுக்குக் கட்டியிருக்கே. அம்மன் படகைப் பார்த்துக்கொண்டாள். அவள் பேரில் என்ன தப்பு?"

"போதும் நிறுத்து. நாற்காலி கிடைக்கப்போகுது. உட்கார்ந்தா புண் தானா ஆறும்" என்று கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம். ஒரு வேளை சோறு தின்கிறவளிடம் கத்தி எனக்கு என்ன கிடைத்தது?

திருவிழா முடிந்து அடுத்த ஞாயிறு மத்தியானம் எங்கள் சந்துக்குள் ஒரு கார் வந்து நின்றது. கலியாணசுந்தரம், கையில் ஒரு தட்டு நிறையப் பழம், வேட்டி, துண்டு. அன்னம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காப்பி போட்டாள், பெட்டியிலிருந்து நல்ல கோப்பையை எடுத்தாள். கார் வைத்திருக்கிற மனுஷன் எங்கள் வீட்டு வாசற்படியை மிதித்தது அதுதான் முதல் தடவை.

"பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். "ஒரு நல்ல சேதி. ஆகஸ்டுல துரை கப்பல் ஏறுறாரு. அவருக்கு அப்புறம் நான்தான் செக்ரட்டரி. நேத்து கமிட்டியில முடிவாயிருச்சு."

"ரொம்ப சந்தோசங்க சார்."

"நேத்து உங்கள பத்தித்தான்ணே பெரிய பேச்சு. நான் அரை மணி நேரம் பேசினேன். துரைமார் எல்லாம் கை தட்டினாங்க."

அன்னம்மாவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அவர் முகம் புரிந்தது. அவள் வாசல் பக்கம் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கால் வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"பாருங்க, துரை ஜாகா வேலைக்கு உங்க பேர எழுதி வெச்சிருந்தாரு" என்றார் கலியாணசுந்தரம். "நல்ல வேள, நான் பாத்தேன். அப்பவே அடிச்சிட்டேன்."

"என்னங்க சார்?"

"பின்ன என்னண்ணே? உங்கள மாதிரி ஆள கொண்டுபோயி வாசல்ல உக்கார வெக்கிறதா? ஒரு கிளப்புல ஆறு படகு இருக்கு, சொன்னபடி கட்டுன ஆளு ஒருத்தரு. அவரையும் கரையில போட்டுட்டா எங்க உயிருக்கு யாரு பொறுப்பு? தொலஞ்ச மூணு பலகயும் புதுசா செஞ்சு வந்தாச்சு. இனி ஆறு படகும் உங்க கையிலதான். உதவிக்கு ஒரு புது ஆளு தர்றேன். ஆனா பலக கட்டுறது மட்டும் நீங்கதான். வேற யாரும் தொடக் கூடாதுன்னு எழுதியே வெச்சிட்டேன்."

"அப்ப ஜாகா யாருங்க சார்?"

"அந்த தெய்வநாயகம்தான். வேலைய விட்டு அனுப்பிறலாம்னு துரை சொன்னாரு. புள்ளக்குட்டிக்காரன், பாவம். ஆனா அவன நம்பி இனிமே ஒரு படகயும் தண்ணியில விட முடியாது. அதான் தூக்கி நாற்காலியில போட்டுட்டேன். அங்க சும்மா உக்காந்திருக்கட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பழத்தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. இடது காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்துச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது, பிய்த்து எடுத்தேன்.

"சார், கால பாருங்க."

பார்த்தார். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஐயய்யோ, என்னண்ணே இது! இந்தக் கால வெச்சுக்கிட்டா அன்னிக்கு கழுத்தாழத்துல நின்னீங்க?"

"மூணு வருசமா இப்படித்தாங்க. டாக்டரு உக்காந்து வேல பாக்க சொல்றாரு. அதனாலதாங்க அந்த ஜாகா வேலய..."

அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்தப் புண்ணோட இப்படி ஒரு காரியம் செஞ்சிருக்கீங்களே! வேற எவன்ணே செய்வான்? நான் அன்னிக்கே சொன்னேன், இது சாதாரண ஆளு இல்லன்னு. நாளைக்கே நல்ல டாக்டரா பாத்து அனுப்பி வெக்கிறேன். அவரு ஏதாவது களிம்பு குடுப்பாரு."

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அந்தக் கயிறு உங்களுக்காக இல்லை, நான் நல்லவனாக இருந்து கட்டவில்லை, மாட்டிக்கொண்டு கட்டினேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவேளை நாற்காலியும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் வயசுக்கு என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அதை என் வாயாலேயே கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்த அற்ப ஆசைக்கு என் காலைக் கொடுத்தேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், "செவ்வாக்கெழம எனக்கு லீவு. தண்ணி எத்தன மணிக்குண்ணே ஏறும்?"

"எட்டே காலுக்குங்க சார்" என்று என் வாய் சொன்னது.

கார் போனதும் அன்னம்மா ஓடிவந்தாள். "கிடைத்ததா?" என்றாள். நான் துணியை மறுபடி காலில் சுற்றினேன். "கிடைக்கவில்லையா?" என்றாள். இல்லை என்றேன். "வேறு யாருக்குக் கொடுத்தார்கள்?" என்றாள். தெய்வநாயகத்துக்கு என்றேன். "பலகையைத் தொலைத்தானே, அவனுக்கா?" என்றாள். ஆமாம், தொலைத்தவனுக்குத்தான் என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பத்து நாள் விரதம் இருந்த உடம்பு, என்னால் அவளைத் தூக்கக்கூட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்குக் கிளப்புக்குப் போனேன். கொட்டகை வாசலில் புதுக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தெய்வநாயகம் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தான். என் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை அவனுக்கு.

"அண்ணே, சத்தியமா நான் கேக்கலண்ணே. அவங்களா போட்டுட்டாங்க."

"தெரியும்டா."

"தண்ணி ஏற இன்னும் முக்கா மணி இருக்குண்ணே. யாரும் இல்ல. வாங்க, வந்து செத்த நேரம் உக்காருங்க."

நாற்காலியைத் துண்டால் தட்டித் துடைத்து என் பக்கம் திருப்பிப் போட்டான். நல்ல பிரம்பு. கை வைக்க இரண்டு பக்கமும் கட்டை, முதுகுக்குச் சாய்வு, காலை நீட்டினால் நிழலுக்குள்ளேயே இருக்கும். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

"வேணாம்டா. இப்ப உக்காந்தா நான் எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய் ஆறு பலகையையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன்.